அவர் வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்

இது நடந்தது போன வருடம் ஒக்டோபர் மாதக் கடைசியில், துருக்கியில் சஃப்ரான்போலு என்ற பழைய ஊரில். நாங்கள் இருப்பது ஜேர்மனியில், பான் நகரத்துக்குப் பக்கத்தில். இங்கிருந்து விடுமுறைக்குத் துருக்கிக்குப் போகிற எங்கள் ஆட்கள் கடற்கரை ஹோட்டலுக்குத்தான் போவார்கள். நானும் மனைவியும் மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு ஊருக்குப் போனோம். ஏன் அங்கே போனோம் என்பதைச் சொல்லாமல் அங்கே நடந்ததைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

அந்த வருடம் தை மாதம் என் மாமி, மனைவியின் தாய், வடமராட்சியில் காலமானார். எங்களிடம் இருப்பது அகதிகளுக்கு ஜேர்மன் அரசு கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம். எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த ஒரு வரிக்கு நாங்கள் பழகிவிட்டோம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். செத்த வீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்கரிசி போடுகிற நேரம் தொடர்பு விட்டுப்போய்ப் படம் உறைந்துவிட்டது. யாரோ ஒரு பெண்ணின் சேலை மாமியின் முகத்தை மறைத்தபடி அப்படியே நின்றது. மனைவி அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பத் தொடர்பு கிடைத்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

அவள் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. அழுதிருந்தால் நான் என்னவாவது செய்திருப்பேன். அவள் சமைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள். பிறகு சமைப்பதும் குறைந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் போட வேறு ஆளும் இல்லை.

நான் இயல்பிலேயே பயந்தவன். அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவன். போன் அடித்தால் யாருக்கு என்ன நடந்ததோ என்றுதான் முதலில் நினைப்பேன். சண்டைக் காலத்தில் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதனால் இங்கே டொக்டர் சொல்வதில் பாதிதான் எனக்கு விளங்கும். விளங்காத மற்றப் பாதியை நானே நிரப்பிக்கொள்வேன், எப்போதும் கெட்டதைப் போட்டு.

மனைவியை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மன அழுத்தம் என்றார். மாத்திரை தந்தார். உட்கார்ந்து கதைத்துக் குணப்படுத்துகிற வைத்தியரிடம் போக வேண்டும், அதற்கு டெர்மின், அதாவது அவரைச் சந்திக்க நேரம், கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார். வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தி, அதுவரைக்கும் அவளை அதிக நேரம் தனியாக விடாதே என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் பாத்திரம் கழுவுகிற பகுதியில் வேலை செய்கிறேன். என்னோடு ஒரு துருக்கிக்காரர் நிற்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவர். எங்கள் இரண்டு பேரின் ஜேர்மனும் ஒரே அளவுக்கு உடைந்தது என்பதால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும். ஒரு நாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றவர், "மனைவி இன்னும் கதைக்கவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை."

"எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வா. நான் ஒக்டோபரில் போகிறேன். என் அண்ணன் வீடு பெரிய வீடு. மலை இருக்கு, குகை இருக்கு, ஆறு இருக்கு. மலைக்கு டெர்மின் எடுக்கத் தேவையில்லை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "போவமே?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு விருப்பமெண்டாப் போவம்."

"உமக்கு விருப்பமில்லையே?"

"எனக்கென்ன. எங்களுக்கு இலங்கைக்கு மட்டும்தானே போக ஏலாது."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். அடுத்த நாளே வேலையில் அந்தத் துருக்கி நண்பரிடம் வருகிறோம் என்றேன். விசா எடுத்து, நண்பரோடு அங்காராவுக்குப் பறந்து, அங்கிருந்து அவருடைய அண்ணனின் காரில் மலைப்பாதையால் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் அழகான ஊர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பள்ளத்துக்குள் பழைய வீடுகள் படிப்படியாக ஏறி நிற்கின்றன. கீழ்ப்பகுதி கல். மேல்மாடி வெள்ளைச் சுவரும் கறுத்த மரச்சட்டங்களுமாகத் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கு பார்த்தாலும் ஜன்னல்கள். அந்தக் காலத்தில் ஒட்டகங்களோடு வந்த வியாபாரிகள் தங்கிய கல் மடம் ஒன்று இருக்கிறது. குளிப்பு மண்டபத்தின் கூரையில் தேங்காய்ப் பாதிகளைக் கவிழ்த்து வைத்தமாதிரிக் குவிமாடங்கள். தெருவில் உருளைக் கற்கள் பதித்திருந்தபடியால் மனைவி வழுக்கிவிடுவாளோ என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். நண்பர் ஒரு மேட்டில் எங்களை ஏற்றி நிறுத்தி ஊரைக் காட்டினார். "பார், இங்கே ஒரு வீடு இன்னொரு வீட்டின் வெளிச்சத்தை மறைக்காது. எங்கள் பாட்டன்மார் அப்படித்தான் கட்டினார்கள்" என்று பெருமையாகச் சொன்னார். மனைவி "ம்" என்றாள்.

அந்த ஊருக்குப் பெயரே குங்குமப்பூவால் வந்ததாம். நாங்கள் போனது பூக்கிற காலம். அண்ணன் காலையில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெறும் மண்ணில் ஊதாப் பூக்கள் மட்டும் நின்றன. அண்ணனின் மனைவி ஒரு பூவைப் பிரித்து, உள்ளேயிருந்த சிவப்பு நாரை எடுத்து என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். என் மனைவி கையை மூடாமல் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றாள். காற்று வந்து அதைக் கொண்டுபோனது. அவள் தேடவில்லை.

அடுத்த நாள் குகைக்குப் போனோம். உள்ளே மஞ்சள் வெளிச்சம் போட்டு, ஈரப் படிகள் வைத்திருந்தார்கள். கூரையிலிருந்து கல் மெழுகு வடிந்ததுபோலத் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தார்கள். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். வீட்டுச் சுவரைப் பார்க்கிற அதே முகம். நான் எடுத்த படங்கள் இன்னும் போனில் இருக்கின்றன. எல்லாப் படத்திலும் அவள் படத்துக்கு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அன்று நண்பர் என்னைத் தட்டி, "பொறு, மலை மெதுவாகத்தான் வேலை செய்யும்" என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்ததும் வீண், இனி வீட்டுக்குத் திரும்பினால் அதே கதிரை, அதே ஜன்னல் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நண்பர் ஒரு காணி அலுவலாகப் பக்கத்து நகரத்துக்குப் போய்விட்டார். அண்ணன்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஒரு சொல் ஜேர்மன் தெரியாது, எங்களுக்குத் துருக்கி மொழி தெரியாது. பெரிய உடம்பு, பெரிய மீசை, நல்ல மனிதர். சொல்ல வேண்டியதை எல்லாம் கையாலும் தலையாலும் சொல்வார். ஊருக்குக் கொஞ்சம் வெளியே ஆழமான ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பழைய காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர அதன் குறுக்கே கல் வளைவுகளால் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். மேலே தேத்தண்ணீர்க் கடை, உட்கார சில வாங்குகள், இரும்புத் தடுப்பு. பக்கத்திலிருந்து படிகள் கீழே இறங்கி ஆற்றங்கரைக்குப் போகின்றன.

காரிலிருந்து இறங்கி அந்தப் பள்ளத்தைக் கண்டதும் டொக்டர் என்னை நிறுத்திச் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த மாதிரி இடத்துக்கு இவளைக் கொண்டுவந்தேனே என்று நினைத்தேன். அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கை நோகுது, விடுங்கோ" என்றாள்.

எனக்குச் சலரோகம். நேரத்துக்கு நேரம் கழிவறைக்குப் போகாமல் இருக்க முடியாது. அண்ணன் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். தடுப்பிலிருந்து தள்ளி, ஒரு மரத்தடியில் இருந்த வாங்கில் மனைவியை இருத்தினேன்.

"இஞ்சையே இரும். நான் கெதியா வந்திடுவன். எழும்பக் கூடாது."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

பல நாளுக்குப் பிறகு அவள் என்னைத் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வி. அந்தச் சந்தோசத்தோடுதான் போனேன்.

திரும்பி வந்தபோது வாங்கில் அவளுடைய சுவெட்டர் மடித்து வைத்திருந்தது. அதற்கு மேலே அவளுடைய போன். அவள் இல்லை.

முதலில் தேத்தண்ணீர்க் கடைக்குள் பார்த்தேன். பிறகு மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. மடித்த சுவெட்டர்தான் என்னைக் கொன்றது. அவசரமாகப் போகிறவள் மடிக்க மாட்டாள் என்று என் மூளை சொன்னது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் ஆறு. அதன் கரையில் ஒரு இடத்தில் சிலர் கூட்டமாக, நிலத்தில் கிடக்கும் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். முக்காடு போட்ட ஒரு பெண் கையில் தண்ணீரோடு அவர்களை நோக்கி ஓடினாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. தடுப்பை விட்டுவிட்டு வாங்கடிக்குத் திரும்பி வந்தேன்.

அண்ணன் வந்தார். நான் வாங்கைக் காட்டினேன், சுவெட்டரைக் காட்டினேன், பள்ளத்தைக் காட்டினேன். அவருடைய முகம் மாறியது. என் தோளை அழுத்தி வாங்கில் இருத்தி, உள்ளங்கையை நீட்டி, அசையாதே என்று காட்டிவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு படிகளால் ஓடி இறங்கினார்.

நான் சுவெட்டரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என்னென்ன நினைத்தேன் என்று சொன்னால் விசர் என்பீர்கள். மாமாவுக்கு எப்படிப் போன் எடுப்பது என்று நினைத்தேன். மாமி போய் வருடம் திரும்பவில்லை, அந்த மனுசனிடம் மகளும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது. பிறகு, அவளை எங்கே கொண்டுபோவது என்று நினைத்தேன். ஜேர்மனிக்கா? அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? உயிரோடு இலங்கைக்குப் போக முடியாதவள் செத்தால் போகலாமா, அந்த நீலப் புத்தகத்தில் எழுதியிருப்பது பிணத்துக்கும் சேர்த்தா என்று யாரிடம் கேட்பது. இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் படியேறி வந்தார்.

தனியாகத்தான் வந்தார்.

நான் ஓடிப்போய் அவருடைய சட்டையைப் பிடித்தேன். மனைவி என்பதற்கு உள்ள ஜேர்மன் சொல்லைச் சொல்லி, எல்லா நாட்டுக்காரருக்கும் விளங்குகிற 'ப்ராப்ளம்' என்ற சொல்லையும் சேர்த்து, அவளுக்கு ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை. புருவத்தை உயர்த்தினார். தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்தார். நாக்கை மேலே ஒட்டி, "ச்சு" என்று ஒருமுறை உச்சுக்கொட்டினார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறவர்களிடம் படலையில் நின்று, என்ன மாதிரி என்று கேட்போம். வாயால் சொல்ல மனம் வராதவர்கள் மேலே பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை, பெண்கள் குரல் எடுப்பார்கள்.

அண்ணன் என் தோளில் கையை வைத்து, "யோக், யோக்" என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். குசினியில் உப்பு முடிந்தால் நண்பர் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி 'யோக்' என்பார். இல்லை என்று அர்த்தம். யார் இல்லை, என்ன இல்லை என்று கேட்க எனக்கு மொழி இல்லை. அவர் என்னை வாங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். கடைக்காரர் கூப்பிடாமலே சின்னக் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கையில் தந்தார். துருக்கியில் பால் விடுவதில்லை. எங்கள் ஊர்ச் செத்த வீட்டிலும் வெறுந்தேத்தண்ணீர்தான் கொடுப்பார்கள். பக்கத்து வாங்கில் இருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் மெதுவாக ஏதோ சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு செத்த வீட்டுக்கு ஒன்றும் குறையவில்லை.

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாருக்கும் நான் சொல்லவில்லை. அவருடைய கை என் தோளில் இருந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஒரு அமைதி வந்தது. தை மாதத்திலிருந்து, இல்லை, சின்ன வயதிலிருந்தே, என் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினை யாரோ நிறுத்தியது போல இருந்தது. இனி என்ன நடக்குமோ என்று நினைக்க ஒன்றுமில்லை. நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. காற்று முகத்தில் பட்டது, அது குளிராக இருந்தது தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு பச்சை, அந்தக் கல் வளைவுகள் எவ்வளவு உயரம் என்பதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். பயமில்லாமல் உலகத்தைப் பார்த்தது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

அது எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது. தேத்தண்ணீரின் சூடு கையைச் சுட்டது. பிறகுதான் அழுகை வந்தது. கிளாஸ் கீழே விழுந்தது, நானும் விழுந்தேன். தலையில் அடித்துக்கொண்டு குழறினேன். ஐம்பது வயதை நெருங்கும் ஆம்பிளை நிலத்தில் புரண்டு அழுவதை அந்த மனிதர்கள் கண்டிருக்க மாட்டார்கள். அண்ணன் பதறிப்போய் என்னைத் தூக்கப் பார்த்தார். தலையைப் பின்னால் எறிந்து, இன்னும் பலமாக, திரும்பத் திரும்ப உச்சுக்கொட்டினார். அவர் உச்சுக்கொட்ட உச்சுக்கொட்ட நான் கூடக் கூட அழுதேன். கடைக்காரரும் வந்து நின்று புருவத்தைத் தூக்கி உச்சுக்கொட்டினார். ஊரே எனக்குச் சாவு சொல்வதுபோல இருந்தது.

கடைசியில் அண்ணன் தன் தம்பிக்கு, என் நண்பருக்கு, போன் எடுத்து என் காதில் வைத்தார்.

"ஏன் அழுகிறாய்?" என்று நண்பர் கத்தினார்.

"அவள் செத்துப்போனாள்."

"யார் சொன்னது?"

"உன் அண்ணன்."

"அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. உன் மனைவி கீழே இருக்கிறாள். பெண்களோடு இருக்கிறாள். ஒரு பிரச்சினையும் இல்லை என்றுதான் சொன்னாராம்."

"வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்."

நண்பர் மெதுவாக, "அது எங்கள் ஊரில் இல்லை என்பதற்கு" என்றார். "பிரச்சினையா என்று கேட்டாய். இல்லை என்றார். அவ்வளவுதான். ஜேர்மன்காரரின் 'நைன்' எங்களுக்கு அதுதான்."

இவ்வளவு வருடம் அவரோடு நின்று வேலை செய்திருக்கிறேன். ஜேர்மனியில் அவர் ஜேர்மன்காரரைப் போலத் தலையை ஆட்டித்தான் இல்லை என்பார். எனக்கெப்படித் தெரியும்.

அண்ணன் என் கையைப் பிடித்துப் படிகளால் இறக்கினார். கீழே போகும் வரைக்கும் நான் நம்பவில்லை. ஆற்றங்கரையில் பெண்கள் பாய் விரித்து, ரொட்டியும் தக்காளியும் வைத்து, கரியில் தேத்தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பம். அவர்கள் நடுவில், எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என் மனைவி கிடந்தாள். அழுதுகொண்டிருந்தாள். சத்தமாக, எங்கள் ஊரில் பிரேதத்தை எடுக்கும்போது அழுவதுபோல, சொல் சொல்லாக அழுதாள். அங்கே யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஒரு பெண் துணியை நனைத்து அவளுடைய கழுத்தில் வைத்தபடி இருந்தாள். மேலேயிருந்து நான் பார்த்த கூட்டம் இதுதான். நான் கிட்டப் போகப் பார்த்தபோது அந்தப் பெண் கையை உயர்த்தி, நில் என்று காட்டினாள். நின்றேன். அண்ணனும் முதலில் வந்தபோது இதைக் கண்டு, அழுது முடியட்டும் என்று பெண்கள் தடுத்ததால்தான் தனியாக மேலே வந்திருக்கிறார்.

திரும்பும்போது காரின் பின் இருக்கையில் அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"எழும்பாதையும் எண்டு சொன்னனான். ஏன் போனீர்?"

"கீழ ஆரோ அண்ணே, அண்ணே எண்டு கூப்பிட்டுக் கேட்டது. எங்கட ஆக்கள் ஆரோ வந்திருக்கினம் எண்டு நினைச்சன்."

"இந்தக் காட்டுக்கையோ?"

"அதுதான் பாப்பமெண்டு இறங்கினன். வெயிலாக் கிடந்தது, சுவெட்டரைக் கழட்டி வைச்சிட்டுப் போனன்."

கீழே அவளுடைய வயதில் ஒரு பெண் நின்று, ஆற்றுக் கற்களில் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்த அந்த வயதான அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். பெண்ணைப் பார்த்து ஏன் அண்ணே என்கிறாள் என்று இவளுக்கு விளங்கவில்லை. கையால் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, பிள்ளையைத் தாலாட்டுவதுபோலக் கையை ஆட்டி, கிழவியைக் காட்டியிருக்கிறாள். துருக்கி மொழியில் 'அன்னே' என்றால் அம்மா.

"அந்த அம்மா எங்கட அம்மா மாதிரி ஒண்டும் இல்லை" என்றாள் மனைவி. "நிறமும் வேற, முகமும் வேற. ஆனா மகள் கூப்பிட்ட உடனை திரும்பிப் பாத்தா."

காரின் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். பிறகு, "நான் கூப்பிட்டா இனி ஆரும் அப்பிடித் திரும்ப மாட்டினம்" என்றாள்.

அன்று மாலை நண்பர் வந்து, நான் அழுததையும் அண்ணன் உச்சுக்கொட்டியதையும் நடித்துக் காட்டினார். அண்ணனின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நெஞ்சில் கையை வைத்தார். நான்தான் கேட்டிருக்க வேண்டும். மனைவியும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அறைக்கு வந்ததும் கேட்டாள்.

"நான் செத்துப்போனன் எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஓம்."

"ஏன் அப்பிடி நினைச்சனீங்கள்?"

நான் போர்வையை எடுத்து விரித்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அந்த அளவுக்குப் போகமாட்டன்" என்றாள். பிறகு, "போகமாட்டன் எண்டுதான் நினைக்கிறன்" என்றாள்.

அந்த இரண்டாவது வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது உண்மை. பல மாதங்களுக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகள் நல்லபடியாக முடியும். மலை அவளைக் குணமாக்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பான் நகரத்துக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாள் அவள் நன்றாகத்தான் இருந்தாள். மாமியைப் பற்றிக் கதைத்தாள், கதைத்தால் அழுதாள். டெர்மினும் கிடைத்தது, இப்போதும் போகிறாள். ஆனால் மார்கழியில் மாமா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். எழும்புவார் என்று யாரும் சொல்லவில்லை. ஜேர்மன் குடியுரிமை எடுத்தால் அந்த நீலப் புத்தகம் போய்விடும், ஊருக்குப் போகலாம். அதற்கு மொழிப் பரீட்சை எழுத வேண்டும். அவள் படித்துக்கொண்டிருந்தவள், மாமி போன அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்தவள், இன்னும் திறக்கவில்லை. நான் இரண்டு முறை எழுதியும் சித்தியடையவில்லை. இனி எது முந்தும் என்பதுதான், பரீட்சையா, மாமாவின் சாவா. எனக்கு விடை தெரியும். அவளுக்கும் தெரியும். அவளுக்குப் பழையபடி சொல் குறைந்து வருகிறது. இன்னொரு தடவை போனில் ஒரு செத்த வீட்டைப் பார்க்க வேண்டி வரும். அப்போது அவளை எந்த மலைக்குக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.

எந்தக் கோயிலுக்குப் போனாலும், 'அம்மாளாச்சி, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடு' என்றுதான் நான் கும்பிட்டு வந்தேன். பயம் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அந்தப் பள்ளத்தாக்கின் மேலே, ஒரு தேத்தண்ணீர் கையைச் சுடுகிற நேரம் வரைக்கும் எனக்குக் காட்டப்பட்டது. இப்போதும் தினமும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அதை எடுத்துவிடச் சொல்லி மட்டும் நான் கேட்பதில்லை.